மீனம்பாள் பிரித்த மூட்டை

மீனம்பாளைத் திருடி என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் செஞ்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர்கள். அவளைத் தினம் பார்க்கிறவர்களோ வாயைத் திறக்கவில்லை. இரண்டில் எது பெரிய அயோக்கியத்தனம் என்று கேட்டால், இரண்டாவதுதான்.

திண்டிவனம் ரோட்டில் முருகையன் நெல் மண்டி இருக்கிறது. அதன் சிமெண்ட் களத்தில் நின்று நிமிர்ந்தால் ராஜகிரி மலை தெரியும். மீனம்பாள் நிமிர்வது குறைவு. வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அந்தக் களத்தில் குனிந்தே இருக்கிறாள். வீடு காலனியில். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் தமிழினி பட்டப்படிப்பு முடித்துவிட்டு மருந்துக்கடையில் நிற்கிறாள்.

மீனம்பாளின் வேலைக்குச் சம்பளம் கிடையாது. வண்டியிலிருந்து மூட்டை இறங்கும்போது நெல் சிந்தும். வியாபாரி குத்தூசியைச் சாக்கில் செருகி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்துவிட்டுக் கீழே எறிவான். எடை போடும்போது இன்னும் கொஞ்சம் சிந்தும். இதையெல்லாம் கூட்டி அள்ளிப் புடைத்து எடுத்துக்கொள்கிற பெண்கள் அங்கே ஒரு டஜன் பேர். அதற்கு ஈடாகக் களத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். விவசாயி கூப்பிட்டால் ஈர மூட்டையைப் பிரித்து உலர்த்தி, பதர் போகத் தூற்றி, மறுபடி கட்டிக் கொடுக்க வேண்டும். தூற்றும்போது கீழே விழுவது அவர்களுக்கு. முதலாளிக்குக் காலணா செலவில்லாத ஏற்பாடு. சுரண்டல் என்றால் அசல் சுரண்டல்.

ஆனால் அந்தச் சுரண்டலுக்குள்ளேயே அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். யார் எந்த மூலையில் கூட்டினாலும் சாயங்காலம் எல்லாம் ஒரே குவியலில் சேர வேண்டும். ஊர்த்தெருக்காரி கூட்டியதும் காலனிக்காரி கூட்டியதும் ஒன்றாகக் கலக்கும். பிறகு மரக்காலால் அளந்து சரிபங்கு. உடம்பு முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தவளுக்கும் பங்கு உண்டு. டீக்கடை டம்ளரில்கூட சாதி பார்த்த வட்டாரம் இது. அந்தக் குவியலில் மட்டும் யாருடைய நெல் எது என்று பிரிக்க முடியாது. எந்தத் தலைவனும் மேடை போட்டுச் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது.

மீனம்பாளுக்கு ஜோடி சாமுண்டீஸ்வரி. ஊர்த்தெருப் பெண். வயதில் சின்னவள், வாயில் பெரியவள். ஒரு மூட்டையை ஒருத்தியே பிரித்துக் கொட்ட முடியாது. சாக்கின் வாயை ஒருத்தி பிடிக்க வேண்டும், இன்னொருத்தி சரிக்க வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே அதைச் செய்வார்கள். பேச்சு வேறு விஷயத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

தை முடிகிற நேரத்தில் பருவம் தப்பி ஒரு மழை அடித்தது. மறுநாள் காலை அனந்தபுரத்து விவசாயி தனகோட்டி டிராக்டரில் நெல் கொண்டுவந்தார். அவருடைய சாக்குகளில் அடையாளத்துக்குப் பச்சை பெயிண்டில் ஒரு கோடு இருக்கும். தார்ப்பாய்க் கிழிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி நாலைந்து மூட்டைகள் நனைந்திருந்தன. ஈரம் தெரிந்தால் வியாபாரி விலையை அடித்துவிடுவான்.

“மீனம்பா, இந்த நாலஞ்சையும் பிரிச்சி கொட்டிடு. வியாபாரி வர்றதுக்குள்ள ஒலரட்டும்” என்றார் தனகோட்டி.

“இன்னாண்ணே இது, விக்க எடுத்தாந்தியா, நாத்து வுட எடுத்தாந்தியா? இன்னும் ரெண்டு நாளு போனா மொள வந்துடும்.”

“வாய கொறச்சிட்டு வேலைய பாரும்மே.”

சாமுண்டீஸ்வரி சும்மா இருப்பாளா? “தார்ப்பாய மாத்துண்ணே. ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கனது. அது புள்ளையே ஸ்கூலுக்குப் போவுது.”

தனகோட்டியும் சிரித்தார். சாமுண்டீஸ்வரி சாக்கின் வாயைப் பிடித்தாள். மீனம்பாள் சரித்தாள். சிவசங்கர் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு களத்துக்குள் வந்தது அப்போதுதான்.

சிவசங்கர் ‘கோட்டை முழக்கம் டிவி’ நடத்துகிறான். டிவி என்றால் ஒரு செல்போன், ஒரு குச்சி, கழுத்தில் ஒரு அடையாள அட்டை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்த்தெரு ஓட்டெல்லாம் ஒரே பக்கம் இறுக வேண்டும் என்று மேலே உட்கார்ந்திருக்கிற ஒருவன் நினைப்பான். அந்த நினைப்புக்குக் கீழேயிருந்து தீனி போடுகிற வேலை இவனுக்கு. மழையில் நனைந்த நெல்லைப் படம் பிடிக்கத்தான் வந்தான். நனைந்த நெல்லைப் பார்த்து எவனுக்கும் ரத்தம் கொதிக்காது என்பது அவனுக்குத் தெரியும். கொதிக்க வைக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று களத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். குனிந்திருந்த மீனம்பாள் கிடைத்தாள்.

சாயங்காலம் தமிழினி மருந்துக்கடையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்தாள்.

“எம்மா, மண்டியில இன்னாம்மா பண்ண நீ?”

“இன்னா பண்ணுவாங்க? கூட்டனேன்.”

“இத பாரு.”

வீடியோவில் மீனம்பாள் ஒரு மூட்டையைச் சரிக்கிறாள். முறத்தில் அள்ளுகிறாள். அவள் மட்டும்தான் இருக்கிறாள். சாமுண்டீஸ்வரி நின்ற பக்கத்தை வெட்டி எறிந்திருந்தான். தனகோட்டியின் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த இடத்தில் நெஞ்சைப் பிசைகிற மாதிரி ஒரு இசை. மேலே சிவப்பு எழுத்தில்: ‘பட்டப்பகலில் நெல் கொள்ளை! விவசாயி வயிற்றில் அடிக்கும் கும்பல் எந்தத் தெருவிலிருந்து வருகிறது?’

சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் வழக்கு வரும். கேள்விக்குறி போட்டுவிட்டால் வராது. பதிலைக் கீழே ஜனங்களே எழுதிக்கொள்வார்கள். எழுதினார்கள். மீனம்பாளின் தெருவை, அவள் பிறப்பை, அவளைப் பெற்றவளை, எல்லாவற்றையும் எழுதினார்கள். துபாயிலிருந்து ஒருவன் எழுதினான். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு ஒருவன் எழுதினான். எல்லோருக்கும் தாத்தன் நிலத்தில் தானே ஏர் ஓட்டினவன் மாதிரி கோபம்.

மீனம்பாள் எழுத்தைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“சாமுண்டி எங்கடி? அவ கை கூடவா இல்ல?”

அடுத்த மண்டி நாளன்று கேட்டில் முதலாளி முருகையனே நின்றிருந்தார்.

“மீனம்பா, நீ கொஞ்ச நாளைக்கு வராத.”

“ஏன் மொதலாளி? நான் திருடனனா?”

“நீ திருடலன்னு எனக்குத் தெரியாதா? விவசாயிங்க போன் மேல போன் போடறானுங்க. நான் யாவாரம் பாக்கறதா, ஒனக்கு வக்கீலா நிக்கறதா?”

“தெரியுமில்ல? அத்த அவங்ககிட்ட சொல்லேன்.”

முருகையன் குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னா எடுபடாது. மூட்டைக்காரன் வந்து, என் மூட்டை, நான்தான் பிரிக்கச் சொன்னன்னு சொல்லட்டும். அன்னிக்கே நீ உள்ள வா. யாரு தடுக்கறான்னு பாக்கறன்.”

சாமுண்டீஸ்வரி முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக உள்ளே போனாள். மீனம்பாள் அவள் கையைப் பிடித்தாள்.

“சாமுண்டி, சாக்கு வாய புடிச்சது நீதான?”

“வூட்ல அவரு போன பாத்துட்டு சாமி ஆடறாருக்கா. என்ன இதுல இழுக்காத. ஒன்ன கெஞ்சி கேக்கறன்.”

அன்று சாயங்காலம் களத்தில் இரண்டு குவியல்கள் விழுந்தன. ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. பஞ்சம், வெள்ளநிவாரணம், உள்ளாட்சித் தேர்தல் எதனாலும் உடையாத ஒன்றை ஒரு நிமிஷ வீடியோ உடைத்தது.

மீனம்பாள் கேட்டிலேயே உட்கார்ந்து அழவில்லை. அனந்தபுரம் பஸ்ஸைப் பிடித்தாள். தனகோட்டி வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அது ஒன் மூட்டை.”

“எது?”

“வீடியோவுல நான் திருடறன் பாரு, அந்த மூட்டை.”

தனகோட்டி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வீடியோவைத் தேடிக் கண்டுபிடித்தார். மீனம்பாள் எட்டாவது வரை படித்தவள். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் குரூப் ஒன்றுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருந்ததே தனகோட்டிதான். கீழே அவரே எழுதியும் இருந்தார்: ‘இந்தக் கும்பலை மண்டிக்குள் விடக் கூடாது. பங்காளிகளே, அனைவருக்கும் பகிருங்கள்.’

தனகோட்டி அதை முழுதாகப் பார்த்தது அந்த வாசலில்தான், அந்த நிமிஷத்தில்தான். மூட்டை சரியும்போது பக்கவாட்டில் பச்சைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

“அட! என் மூட்டை.”

“பாக்காமயே அனுப்பனியா?”

“தலைப்ப படிச்சன். ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. நம்ம சிவசங்கரு போட்டது, பொய்யா போடுவானான்னுட்டு...”

“எரியும்ண்ணே. ஒன் நெல்ல நான் திருடனன்னு நீயே ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிச்சிக்கினு, நெல்ல வித்துட்டு வந்து சோறு துன்னுட்டுத் தூங்கியிருக்க. சொல்லு, அன்னிக்கி எடை கொறஞ்சிதா?”

“கொறையில.”

“கொறையாத நெல்லுக்குத்தான் என்னைத் திருடின்னு சொல்லி எங்க ஆயாவரைக்கும் இழுத்து எழுதறானுங்க.”

தனகோட்டி மாட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். இந்த நாட்டைக் கெடுக்கிற வேலையில் பாதியை இந்த மாதிரிக் கெட்டவரில்லாத ஆட்கள்தான் செய்துகொடுக்கிறார்கள், வெயிலில் டிராக்டர் மேல் உட்கார்ந்து பொழுது போகாமல்.

“வெள்ளிக்கெழம மண்டிக்கு வர்றம்மா. மொதலாளிகிட்ட நேர்ல சொல்லிட்றன்” என்றார்.

வந்தார். அதுவரை குறையில்லை. முருகையனின் ஆபீஸ் அறையில் தனகோட்டி நாற்காலியில், மீனம்பாள் வாசற்படியில். எப்படி மோப்பம் பிடித்தானோ, சிவசங்கரும் குச்சியோடு வந்து நின்றான். லைவ் போட்டுவிட்டான்.

“தனகோட்டி, சொல்லுப்பா. ஒன் மூட்டைதான? நீதான பிரிக்கச் சொன்ன?” என்றார் முருகையன்.

“தைரியமா சொல்லுங்க மாமா” என்றான் சிவசங்கர். “நம்ம சனம் மொத்தமும் பாத்துக்கினு இருக்குது.”

தனகோட்டி அந்தச் சின்னக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார். அதற்குப் பின்னால் பங்காளிகள், சம்பந்தி வீடு, சங்கத்துத் தலைவர், அடுத்த மாதம் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகவேண்டிய வீடுகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தொண்டையைச் செருமினார்.

“அன்னிக்கி மழ... ஒரே கூட்டம்... எனக்கு சரியா ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இல்லியா? வாசல்ல நின்னு என் மூட்டைன்னு சொன்னியேண்ணே!” என்று மீனம்பாள் எழுந்தாள்.

சிவசங்கர் போனைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். சாயங்காலம் புதுத் தலைப்பு ஓடியது: ‘விவசாயியை வீடு தேடிப் போய் மிரட்டிய கும்பல்!’

தமிழினிக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காதுதான். வெற்றிவேலுக்குப் போன் போட்டாள். வெற்றிவேல் காலனிப் பிள்ளை. விழுப்புரத்தில் அறை எடுத்து எதிர்ப்பக்கத்துக்குச் சேனல் நடத்துகிறான். மறுநாளே விளக்கு, மைக்கோடு வந்து இறங்கினான்.

“அத்த, ரொம்ப கெத்தா பேசற. கொஞ்சம் ஒடஞ்சி பேசு.”

“நான் எதுக்குடா ஒடையணும்?”

“கேட்ல புடிச்சி தள்ளனாங்களா? அடிச்சாங்களா?”

“தள்ளல, அடிக்கல. வராதன்னு சொன்னாரு மொதலாளி.”

“சாதி பேர சொல்லி திட்டனாங்க இல்ல?”

“போன்ல எழுதனானுங்க. அதான் எழுத்தாவே இருக்குதே, அதக் காட்டு. எவன் எழுதனான், இன்னா எழுதனான்னு பேரோட காட்டு.”

வெற்றிவேல் அலுத்துக்கொண்டான். “அது தெனம் வர்றது அத்த. எவன் பாப்பான்? அடிச்சான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். நாளைக்குக் காலையில கலெக்டரு ஒன் வாசல்ல நிப்பாரு.”

“அடிக்காதவன அடிச்சான்னு சொன்னா நான் யாருடா? இன்னொரு சிவசங்கரு. எனக்கு இன்னாத்துக்கு அந்தப் பொழப்பு?”

“எம்மா, சொல்லித்தான் தொலையேன்!” என்று கத்தினாள் தமிழினி. “அவனுங்க மட்டும் நெசத்தயா சொன்னானுங்க?”

“அவனுங்க துன்னத நானும் துன்னணுமா?”

மீனம்பாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மழை, தனகோட்டி, சாமுண்டீஸ்வரி பிடித்த சாக்கு, அனந்தபுரத்து வாசல், ஞாபகமில்லாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னாள். வெற்றிவேல் அதில் ‘என்ன உள்ள வுடல’ என்ற மூன்று வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டான். அதற்குப் பக்கத்தில் நெற்றியில் ரத்தம் வழிய ஒரு பெண்ணின் படம். எந்த மாநிலத்துப் பெண்ணோ, எந்த வருஷத்துக் காயமோ. தலைப்பு: ‘செஞ்சி மண்டியில் பெண் தொழிலாளி மீது கொலைவெறித் தாக்குதல்!’

மீனம்பாள் போன் போட்டாள். “டேய், அந்த ரத்தம் யாருதுடா?”

“எந்த அக்காதோ. நமக்காகத்தான அத்த போட்டன்.”

“எனக்காகன்னா நான் சொன்னத போடு. நான் இந்தப் பக்கம் மூட்டைய சாய்க்கறன், ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் கத்திரிக்கோல எடுத்துக்கினு நிக்கறீங்களேடா.”

போன் அறுந்தது. அவன் அறுத்தான்.

அந்த இரண்டாவது வீடியோ ஓடின வேகத்தில் முதல் வீடியோ ஒன்றுமில்லை. மண்டி வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பக்கத்துப் பையன்களும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். முருகையன் பயந்துபோனார். கூட்டுகிற பெண்கள் ஒருத்தியும் இனி வேண்டாம், மிஷின் வைத்துக் கூட்டிக்கொள்கிறேன் என்று மொத்தமாக விரட்டிவிட்டார். கோட்டை முழக்கம் அதை வெற்றி என்றது. வெற்றிவேலின் சேனலோ, மண்டி முதலாளி பணிந்தார் என்றது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனது அந்த ஒரு டஜன் பெண்கள்.

மறுநாள் சாமுண்டீஸ்வரி காலனிக்குள் வந்தாள். மீனம்பாள் உட்கார் என்று சொல்லவில்லை.

“எங்களையும் தொரத்திட்டான்க்கா.”

“ஒன் வூட்டுக்காரருக்கு சாமி மலையேறிடுச்சா?”

“நெல்லு இல்லன்னதும் ஏறிடுச்சி.” சாமுண்டீஸ்வரி சேலை முனையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். “வாய புடிச்சது நான்தான்க்கா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“அத்த இங்க வந்து ஏன் சொல்ற? எனக்குத் தெரியாதா அது? தெரியாதவங்க இருக்கற எடத்துல போய் சொல்லு.”

“நீ வர்றியா?”

“வர்றன். எல்லாத்தையும் கூப்டு. முறத்த எடுத்துக்கினு வரச்சொல்லு.”

செவ்வாய்க்கிழமை மண்டி. வண்டிகள் வரத் தொடங்குகிற நேரத்தில் பெண்கள் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்தார்கள். ஊர்த்தெருக்காரி ஒருத்தி, காலனிக்காரி ஒருத்தி என்று தோள் இடிக்க. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. டிராக்டர்கள் ரோடு வரை வரிசை கட்டின. தனகோட்டியின் டிராக்டர் முன்வரிசையில் மாட்டிக்கொண்டது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். “வழிய வுடும்மா. இன்னா வேணும் ஒங்களுக்கு?”

“ஒரே ஒரு ஆளு ஒரே ஒரு பேச்சு பேசணும் சார். பேசிட்டா எந்திரிச்சிட்றோம்” என்றாள் மீனம்பாள்.

சிவசங்கர் குச்சியை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். சாமுண்டீஸ்வரி எழுந்து இரண்டு கைகளையும் அவன் போனுக்கு நேராக நீட்டினாள். அவள் தெருவின் வண்டிகள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தன.

“அந்தச் சாக்கு வாய புடிச்சது இந்தக் கை. நல்லா எடுடா. அன்னிக்கி வெட்டிப்புட்டியே, இன்னிக்கி எடு.”

சிவசங்கர் போனை இறக்கினான்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின்னாலிருந்த விவசாயிகள் ஹாரன் அடித்தார்கள். தனகோட்டியோடு சேர்ந்து அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள்தான். இப்போது அவர்கள் நெல் நனையப் போகிறது.

“யோவ் தனகோட்டி, எதுன்னா சொல்லித் தொலைய்யா! மழ வருது!”

தனகோட்டி டிராக்டரிலிருந்து இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“என் மூட்டைதான். நான்தான் பிரிக்கச் சொன்னன்.”

“கேக்கல!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

“என் மூட்டை! நான்தான் பிரிக்கச் சொன்னன்! அந்தம்மா ஒரு மணி நெல்லு எடுக்கல!”

மீனம்பாள் அசையவில்லை. “எனக்குக் கேட்டுச்சிண்ணே. நீ அனுப்பிச்ச எடத்துலயும் சொல்லு.”

“இப்பவேவா?”

“நாளைக்கின்னா ஒனக்கு ஞாபகம் இருக்காது.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தனகோட்டி போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அதே வார்த்தைகளைச் சொல்லி அனுப்பினார். முருகையன் கேட்டின் தாழ்ப்பாளை இழுத்தார். தான் சொன்ன வாக்கு அவருக்கு நினைவிருந்தது, அல்லது ரோடு வரை நின்ற வண்டிகள் நினைவூட்டின. பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

தனகோட்டி நகரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன குரூப்புலேர்ந்து தூக்கிட்டானுங்க” என்றார், யாரோ செத்த சேதி வந்த மாதிரி.

“என்ன மண்டியிலேர்ந்தே தூக்கனானுங்க. நான் செத்தா பூட்டன்?” என்றாள் மீனம்பாள். “வண்டிய எடுண்ணே. பின்னால லோடு நிக்குது.”